ரேம் கூட்டியதிலிருந்து நீலத்திரை: இடையில் சேமித்த கோப்புகளை நம்பலாமா?

ஒலிநாடா:
வணக்கம். என் மேசைக் கணினியில் 8 ஜி.பி. ரேம் (4+4, டி.டி.ஆர்.4 வகை, வேகம் 2400) இருந்தது. அப்பா பேசிய பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி இரைச்சல் நீக்கி வருகிறேன். ரேம் போதாமல் திணறியதால் போன வாரம் 8+8 (3200) வாங்கி, காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டிலும் போட்டேன். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் 24 ஜி.பி. காட்டியது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பையும் ஆன் செய்தேன். வேகம் 3200 என்று வந்தது.

அன்றோடு நிம்மதி போயிற்று. தினம் இரண்டு மூன்று முறை விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை. ஒரு சமயம் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்கிறது, ஒரு சமயம் 'பேஜ் ஃபால்ட்' என்கிறது. விண்டோஸோடு வரும் மெமரி சோதனையோ குறை ஒன்றும் இல்லை என்கிறது. இன்னொன்று: ஒரு ஜிப் கோப்பை விரித்தால், தரவு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் சி.ஆர்.சி. சோதனையில் பிழை வருகிறது, அதையே மறுபடி விரித்தால் ஒழுங்காக விரிகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா? இந்த நான்கு நாளில் 11 கேசட் ஏற்றியிருக்கிறேன். நீலத்திரையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்தக் கோப்புகளுக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

சால்டரிங்_அயர்ன்:
முதலில் ஏற்றுவதை நிறுத்துங்கள். பழைய பேக்கப் இருந்தால் அதன் மேல் எதையும் எழுதிவிடாதீர்கள். இது ரொம்ப முக்கியம்.

நீங்கள் சொன்ன ஜிப் விஷயம்தான் துப்பு. டிஸ்கில் கோப்பே கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அதே பிழை வரும். ஒரு முறை தப்பு, மறுமுறை சரி என்றால் எனக்கு ரேம் மேல்தான் சந்தேகம். எக்ஸ்.எம்.பி. விவரம் புது ரேமுக்குள் பதிந்திருப்பது. சில போர்டுகள் அதை நான்கு ரேமுக்கும் சேர்த்தே போட்டுவிடும். 2400க்குச் செய்த பழைய ஜோடியை 3200இல் ஓடச் சொன்னால் அது என்ன செய்யும், பாவம்? நான்கு ஸ்லாட்டும் நிறைந்தால் பிராசசரில் ரேமை இயக்கும் மெமரி கண்ட்ரோலருக்கும் சுமை கூடும்.

மெம்டெஸ்ட்86 ப்ளஸ் என்ற ரேம் சோதனை நிரலை பென்டிரைவில் போட்டு, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். எக்ஸ்.எம்.பி. ஆனில் ஒரு முறை, ஆஃபில் ஒரு முறை. விண்டோஸ் சோதனை விட்டதை இது பிடிக்க வாய்ப்பு அதிகம்.

மேகமூட்டம்:
அதற்கு முன்னால் ரேம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, ரேமின் இரு முனையையும் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். டக்கென்று கிளிப் தானாக மூட வேண்டும். எனக்கு ஒரு முறை ஒரு முனை மட்டும் மயிரிழை தூக்கி நின்றது. அப்போதும் பயாஸ் முழு அளவையும் காட்டியது!

ஒலிநாடா:
இருவருக்கும் நன்றி. நான்கையும் கழற்றி மாட்டினேன், எல்லாம் நன்றாகவே உட்கார்ந்திருந்தன. எக்ஸ்.எம்.பி. ஆனில் மெம்டெஸ்ட் முதல் சுற்று முடிவதற்குள்ளேயே பிழை காட்டும் சிவப்பு வரிகள். ஆஃப் செய்ததும் நான்கும் 2400இல் ஓடுகின்றன, விடிய விடிய ஒரு பிழை இல்லை. புது ஜோடியை மட்டும் போட்டு 3200இல் ஓட்டினாலும் பிழை இல்லை. ஆக, எதுவும் கெடவில்லை, சேர்க்கைதான் ஒத்துவரவில்லை. 16ஐ வேகமாக வைத்துக்கொள்வதா, 24ஐ மெதுவாகவா?

சால்டரிங்_அயர்ன்:
உங்கள் வேலைக்கு 24. ரேமில் இடம் தீர்ந்து டிஸ்கைத் தேடிப் போவதுதான் பெரிய தாமதம், 2400க்கும் 3200க்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இனி அந்த 11 கேசட். தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கும் ஃப்ளாக்காகச் சேமித்திருந்தால் அதற்குள்ளேயே ஒலிக்குக் கைரேகை போன்ற எம்.டி.5 எண் இருக்கும், சோதித்துப் பார்க்கலாம். ஆனால் ஃப்ளாக் ஆக்குவதற்கு முன்பே ரேமில் ஒலி மாறியிருந்தால், மாறியதற்குத்தான் எம்.டி.5 போட்டிருக்கும், அதுவும் சரி என்றே சொல்லும். சாதாரண ரேமில் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை, பிழையைத் தானே கண்டுபிடிக்கும் இ.சி.சி. ரேம் வேண்டும். கேசட் கையில் இருக்கிறதல்லவா? மறுபடி ஏற்றிவிடுங்கள். அதே நாட்களில் வேறு டிஸ்குக்கு மாற்றிய கோப்புகளையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

ஒலிநாடா:
நல்லவேளை கேட்டேன். மூன்றாவது கேசட்டில், அப்பா என் பெயரைச் சொல்லும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். நாடாவின் கீறல் என்று நினைத்து அதை அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேசட்டை ஓட்டிக் கேட்டால் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. முதல் கேசட்டிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறேன், இப்போது நான்காவது ஓடுகிறது.