மருந்துப் பேப்பரில வாற 'சொம்னொலன்ஸ்' எண்டா என்ன?

வெள்ளவத்தை_மகள்:
அப்பாவுக்கு தும்மலும் கண் கடியும் எண்டு டொக்டர் செற்றிரிசின் எழுதித் தந்தவர், ராவைக்கு ஒண்டு. பெட்டிக்குள்ள இருந்த பேப்பரில பக்க விளைவு எண்டு சொம்னொலன்ஸ் போட்டுக் கிடக்கு. அது சும்மா களைப்பா, இல்லாட்டி மயங்கி விழுறதா? அவர் விடிய வெள்ளன த்ரீவீலரில பள்ளிக்கூடப் பிள்ளையள ஏத்துற ஆள், அதாலதான் பயமாக் கிடக்கு. தமிழில எப்பிடிச் சொல்லி விளங்கப்படுத்துறது?

பாமசி_தம்பி:
அக்கா, மயங்கி விழுறது இல்ல. சொம்னஸ் எண்டா லத்தீனில நித்திரை, இன்சொம்னியாவில இருக்கிறதும் அதேதான். கண் சொருகி, கூப்பிட்டா முழிச்சு திரும்பவும் தூங்கி விழுற நிலை. களைப்பு வேற, களைப்பெண்டா கொஞ்சம் இருந்து எழும்பினா சரியாகும், இதுக்கு நித்திரை கொண்டாத்தான் தீரும். எங்கட மூளைய முழிப்பா வச்சிருக்கிறதில ஹிஸ்டமின் எண்ட உடம்பு இரசாயனத்துக்குப் பெரிய பங்கு இருக்கு, அலர்ஜிக் குளிசை மூளைக்குள்ள போய் அதை மறிச்சா நித்திரை வரும். பிரிட்டோன் மாதிரிப் பழைய குளிசையள் நல்லா உள்ள போகும், ராவு போட்டாலும் காலம நிண்டு பிடிக்கும். செற்றிரிசின் அதைவிடக் குறைவு, ஆனா சிலருக்கு நல்லாவே தூக்கும். முதல் சில நாள் அவருக்கு எப்பிடி இருக்கெண்டு தெரியாம பிள்ளையள ஏத்த விடாதேங்கோ, குடியும் சேரக்கூடாது.

கொட்டாஞ்சேனை_ராசா:
தங்கச்சி, சிங்களத்தில 'நிதிமத' எண்டு சொல்லுவாங்களே அதேதான், கொழும்பில ஆட்டோ ஓடுறவருக்கு அப்பிடிச் சொன்னா டக்கெண்டு பிடிபடும். தமிழில 'மயக்கம்' எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. எங்கட சனம் தலைசுத்தி விழுறதெண்டு நினைச்சு குளிசையையே விட்டிடும், இல்லாட்டி தலை சுத்தேல்ல தானே எண்டு வாகனத்த எடுத்திடும், ரெண்டும் பிழை. 'நித்திரை தூங்கும்' எண்டு சொல்லுங்கோ, அது காணும்.

மொழிப்பிரியை:
'சொம்னொலன்ஸ்' எண்ட சொல்லைப் பேச்சில ஒருத்தரும் பாவிக்கிறேல்ல, டொக்டர்மார் குறிப்பிலயும் மருந்துப் பேப்பரிலயும்தான் வரும். எழுத்துத் தமிழில வேணுமெண்டா 'உறக்க மயக்கம்' எண்டு எழுதலாம். 'நித்திரைக் கலக்கம்' சரிவராது, அது எழும்பின பிறகு இருக்கிற தெளிவில்லாத நிலையைத்தான் கூடச் சொல்லும். இன்னொண்டு, மருந்தே இல்லாம பகல் முழுக்க இப்பிடி இருந்தா அதையும் கவனிக்கோணும். அதுக்கு எப்வேர்த் அளவுகோல் எண்டு 1991இல வந்தது ஒண்டு இருக்கு, வாசிக்கேக்க, டீவி பாக்கேக்க தூங்குவீங்களோ எண்டு 8 கேள்வி, மொத்தம் 24இல 10க்கு மேல போனா டொக்டரிட்டக் காட்டோணும்.

வெள்ளவத்தை_மகள்:
எல்லாருக்கும் நன்றி. அப்பா நேற்றுப் பின்னேரம் கதிரையிலயே தூங்கினவர், இப்பதான் விளங்குது. வேற குளிசை மாத்தலாமா?

பாமசி_தம்பி:
டொக்டரிட்ட அவர் வாகனம் ஓடுறவர் எண்டதைக் கட்டாயம் சொல்லுங்கோ அக்கா. ஃபெக்சோஃபெனடின் மூளைக்குள்ள போறது மிச்சம் குறைவு, அதைத் தரக்கூடும். தந்தா தண்ணியோட மட்டும் குடிக்கச் சொல்லுங்கோ, ஒறேஞ்ச், அப்பிள் ஜூஸோட குடிச்சா உடம்பில சேருறது குறைஞ்சிடும்.