சுறா தெரிந்தால் நீந்துகிறவரிடம் சொல்வதா, மறைப்பதா?

கயாக்காரன்

போன மாதம் தோழி ஒருத்தியின் 30 கிலோமீட்டர் கடல் நீச்சலுக்குத் துணையாகக் கயாக் என்ற சின்னப் படகில் போயிருந்தேன். ஒன்பதாவது மணி நேரம். எனக்கும் துணைப்படகுக்கும் நடுவில், சுமார் ஐம்பது மீட்டர் தள்ளி, ஒரு சுறாவின் முதுகுத் துடுப்பு மேலே வந்தது. சாவகாசமாக நகர்ந்துவிட்டு அமிழ்ந்து போனது. படகோட்டி என்னை அவளை ஒட்டி வரும்படி கைகாட்டினார், உதட்டில் விரலையும் வைத்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. இருபது நிமிடம் பார்த்தோம், அது திரும்பி வரவில்லை. நீச்சல் நல்லபடியாக முடிந்தது.

கரையில் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. "அதை முடிவு செய்ய நீங்கள் யார்?" என்று கேட்டவள்தான், இன்றுவரை பேச்சு இல்லை. நான் செய்தது தப்பா?

பழைய மாலுமி

தப்பே இல்லை தம்பி. பல வருடம் துணைப்படகு ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒன்பது மணி நேரம் நீந்தியவருக்கு உடம்பில் தெம்பு இருக்காது, மனதிலும் இருக்காது. அந்த நேரத்தில் "சுறா" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். கைவீச்சு தாறுமாறாகும், தண்ணீரை அடிக்க ஆரம்பிப்பார், உப்புநீரைக் குடிப்பார். அடிபட்ட மீன் துடிக்கிற மாதிரிச் சத்தம் போட்டு, போகிற சுறாவைக் கூப்பிட்டு வைத்ததுபோல் ஆகிவிடும். வெளியே எடுப்பதா வேண்டாமா என்பதைப் படகில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்குத்தானே இருக்கிறோம்?

ஹவாயில் இருக்கிற மொலொகாய் நீரிணை 42 கிலோமீட்டர், புலிச்சுறா உலவும் தண்ணீர். 1961இல் கியோ நகாமா அதைக் கடந்த பிறகு எத்தனையோ பேர் கடந்துவிட்டார்கள். தெரிந்த துடுப்பையெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தால் பாதிப் பேர் கரையேறியே இருக்க மாட்டார்கள்.

நீரோட்டம்

மாலுமி அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். நானும் நீந்துகிறவள்.

இந்த விளையாட்டில் ஒரு பழைய விதி உண்டு: நீந்துகிறவர் படகைத் தொட்டால் நீச்சல் முடிந்தது. தொடுவதா வேண்டாமா என்பது முழுக்க அவர் கையில். குளிர், ஜெல்லி மீன், வாந்தி என எது வந்தாலும் அந்தக் கை எட்டும் தூரத்தில் படகு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இறங்குகிறோம். சுறா வந்ததை மறைத்தால், தொடுவதற்குக் காரணம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அப்புறம் அந்த விதி எதற்கு?

படகிலிருப்பவர்கள் வெளியே எடுக்க முடிவு செய்வதில் எனக்குச் சண்டை இல்லை. 2015இல் சைமன் டொமிங்குவெஸ் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஃபராலோன் தீவுகளை நோக்கி நீந்தினார். 17 மணி நேரம் தாண்டி, தீவுக்கு இன்னும் சுமார் 3 மைல் இருக்கும்போது வெள்ளைச் சுறா வந்ததால் வெளியே எடுத்தார்கள். வயிறு எரிந்திருக்கும், ஆனாலும் அது நேர்மையான முடிவு. உள்ளேயே விட்டுவைத்து மறைப்பது வேறு.

பவளம்

மன்னிக்கவும், நீங்கள் இருவரும் படகில் இருப்பவருக்கும் தண்ணீரில் இருப்பவருக்கும் இடையே மட்டும் நியாயம் பிரிக்கிறீர்கள். மூன்றாவது ஆள் ஒன்று இருக்கிறது, சுறா. அது எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

முன்பெல்லாம் என்ன செய்தார்கள் தெரியுமா? 1952இல் ஃப்ளாரன்ஸ் சாட்விக் கலிஃபோர்னியாவின் கேட்டலினா கால்வாயில் நீந்தியபோது படகிலிருந்தவர்கள் துப்பாக்கியால் சுட்டுத்தான் சுறாக்களை விரட்டினார்கள். இப்போது படகில் துப்பாக்கி இல்லை, சரி. ஆனால் கடித்த பிறகு நடப்பது மாறவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் தொடர்ந்து சில உயிர்கள் போனதும் 2014இல் அரசாங்கமே தூண்டில் மிதவைகளைப் போட்டது. 172 சுறாக்கள் சிக்கின. பெரும்பாலும் புலிச்சுறா. யாரைப் பிடிக்கப் போட்டார்களோ அந்த வெள்ளைச் சுறா ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"என் உயிர், என் துணிச்சல்" என்று இறங்குகிறீர்கள். ஏதாவது ஆனால் பில் வேறு யாருக்கோ போகிறது. ஃபராலோனில் இலையுதிர்காலத்தில் வெள்ளைச் சுறாக்கள் சீல் வேட்டைக்குக் கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாதங்களில் அங்கே இறங்குவதைத் துணிச்சல் என்று நான் சொல்ல மாட்டேன்.

பழைய மாலுமி

அந்த மாதங்களில் யாரம்மா இறங்குகிறார்கள்? கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அதற்கு முன்பே முடித்துக்கொள்கிறார்கள். அப்புறம், மீன்பிடித் தொழிலில் வருடத்துக்குச் சுமார் 10 கோடி சுறாக்கள் சாகின்றன என்று 2013இல் ஒரு ஆய்வு மதிப்பிட்டது. நாலு பேர் ஜட்டியும் தொப்பியுமாக நீந்துவதா பிரச்சினை? 2025இல் நீச்சல் வீரர் லூயிஸ் பியூ அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவைச் சுற்றி நீந்தியதே சுறாவைப் பற்றிய பயத்தைக் குறைக்கத்தான்.

பவளம்

10 கோடி சாகிறது என்பதற்காக இன்னொன்று செத்தால் பரவாயில்லை என்று ஆகாதே ஐயா. பியூ எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் நீந்துகிறபோது ஒரு கடி விழுந்திருந்தால் மறுநாள் தலைப்புச் செய்தி என்னவாக இருந்திருக்கும்?

கணக்கன்

தூரத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். சுறாவை விரட்டும் மின்புலக் கருவி இருக்கிறதே, அதைக் கட்டிக்கொண்டு போனால் இந்தச் சண்டையே வேண்டாமே என்று யாராவது சொல்வார்கள் என எதிர்பார்த்தேன்.

சொல்லாததும் நல்லதுதான். சுறாவின் மூக்கைச் சுற்றி மின்புலத்தை உணரும் நுண்துளைகள் இருக்கின்றன, அவற்றைக் கூச வைப்பதுதான் கருவியின் வேலை. 2018இல் ஆஸ்திரேலியாவில் ஐந்து வகைத் தடுப்புகளை வெள்ளைச் சுறாவிடம் சோதித்தார்கள். உருப்படியாக வேலை செய்தது ஒரே ஒரு மின்புலக் கருவிதான். அது இருந்தபோது இரையை எடுத்த தடவைகள் 96 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைந்தன. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 40 என்பது பூஜ்யம் இல்லை. கருவி ஓடுகிறது என்ற தைரியத்தில் கண்காணிப்பைத் தளர்த்தினால் இல்லாததைவிட மோசம்.

கூண்டு இன்னொரு வழி. 1997இல் சூசி மரோனி கியூபாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்குக் கூண்டுக்குள் நீந்தினார். கூண்டு அலையை உடைக்கும், படகு இழுக்கும்போது தண்ணீரும் கூடவே வரும் என்பதால் அதைத் தனியாகத்தான் எண்ணுகிறார்கள். 2013இல் டயானா நயாட், 64 வயதில், அதே கடலில் கூண்டில்லாமல் போனார். காவலுக்கு முக்குளிப்பவர்களும் மின்புலக் கருவிகளும் கூட இருந்தார்கள். (அந்த நீச்சல் பற்றிய மற்ற சர்ச்சைகளை இங்கே இழுக்காதீர்கள், திரி தாங்காது.)

உப்புமூட்டை

எல்லோரும் துடுப்பையே பேசுகிறீர்கள். குக்கிகட்டர் சுறா அரை மீட்டர்தான் இருக்கும், துடுப்பெல்லாம் காட்டாது. ராத்திரியில் ஆழத்திலிருந்து வந்து வட்டமாக ஒரு துண்டு சதையை அள்ளிக்கொண்டு போய்விடும். 2009இல் ஹவாயின் பெரிய தீவுக்கும் மவுயித் தீவுக்கும் நடுவே இருட்டிய பிறகு நீந்திக்கொண்டிருந்த ஒருவருக்கு அப்படி நடந்தது. படகு வெளிச்சம் கணவாயை இழுக்கும், கணவாய் இதை இழுக்கும் என்பதால் விளக்கைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைத்தால் நீந்துகிறவரே தெரிய மாட்டார். மாலுமி ஐயா, இதில் எதை மறைப்பீர்கள், எதைச் சொல்வீர்கள்?

பழைய மாலுமி

அதை இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். அது வேறு.

நீரோட்டம்

வேறு இல்லை அண்ணா, அதேதான்! துடுப்பு தெரிந்தால் என்ன செய்வோம் என்பதையும் முன்பே பேசிவிடலாமே. "சொல்லாதே" என்று ஒருவர் கேட்டுக்கொண்டால் சொல்லாதீர்கள். அது அவர் முடிவு. நான் "சொல்" என்பேன்.

ஈரத்துண்டு

கயாக்காரனின் அந்தத் தோழி நான்தான். யாரோ இந்தத் திரியை அனுப்பிவைத்தார்கள்.

எதையோ மறைக்கிறீர்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். நான் வலப்பக்கம்தான் மூச்செடுப்பேன், கயாக் எப்போதும் பத்தடி தள்ளி வலப்பக்கம் இருக்கும். திடீரென்று இரண்டடிக்குள் வந்தாய். முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை வரும் கஞ்சித்தண்ணீர் இருபத்திரண்டாவது நிமிடத்திலேயே வந்தது. கோப்பையைக் கொடுத்தபோது நீ என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

சுறா என்று எனக்குத் தோன்றவேயில்லை. கரையிலிருந்து ஏதோ தகவல் வந்திருக்கிறது, என் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, நீச்சல் முடியட்டும் என்று காத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். மீதி தூரம் முழுக்க அதை நினைத்துக்கொண்டே நீந்தினேன். மாலுமி ஐயா, சுறா என்றால் கைவீச்சு கெட்டுப்போகும் என்றீர்கள். என் கைவீச்சு எப்படி இருந்தது என்று இவனைக் கேளுங்கள்.

கயாக்காரன்

நிமிடத்துக்கு 58 இருந்தது 51 ஆனது. களைப்பு என்று குறித்துக்கொண்டேன்.

மன்னித்துவிடு.

ஈரத்துண்டு

சரி. அடுத்த தடவை சிவப்புக் கோப்பை கொண்டு வா. அதில் கொடுத்தால் சுறா என்று அர்த்தம். கத்தினால் காதில் விழாது, கோப்பை கண்ணில் படும். போவதா நிற்பதா என்று நான் சொல்கிறேன். பவளம் சொன்னதையும் பார்த்தேன், தேதியை இரண்டு மாதம் முன்னால் தள்ளியிருக்கிறேன்.

பழைய மாலுமி

தேதி நல்லது. ஆனால் அந்த மாதத்தில் நீரோட்டம் சாதகமாக வேண்டுமென்றால் ராத்திரியில்தானம்மா கிளம்பியாக வேண்டும். விளக்கையும் குறைத்துவிட்டால் சிவப்புக் கோப்பை கறுப்பாகத்தான் தெரியும்.