ஹங்க் பாகம் போட்ட இம்பல்ஸ்: கணவாய் ஏற்றத்தில் நின்று போகிறது, உதவி வேண்டும்

உசிலை ரைடர்

வணக்கம் அண்ணன்மாரே. 2012 பதிவு ஹீரோ இம்பல்ஸ் பைக். சொந்தக்காரர் தோப்பு ஷெட்டில் வருஷக்கணக்கில் கிடந்ததை எடுத்து வந்தேன். என்ஜின் ஜாம், கிக்கர் இறங்கவே இல்லை. இம்பல்ஸ் பாகம் கடையில் கேட்டால் கையை விரிக்கிறார்கள். அதனால் அதே கம்பெனியின் இன்னொரு பைக்கான ஹங்க், முன்பக்கம் அடிபட்டது ஒன்றை வாங்கினேன். அதிலிருந்து போர் (சிலிண்டர்), பிஸ்டன், ஹெட், கிளட்ச் பிளேட் எல்லாம் இதில் ஏற்றியாச்சு. கிராங்க் கேஸ் (என்ஜினின் அடிக்கூடு) இம்பல்ஸுடையதே. கார்புரேட்டரும் அதனுடையதுதான், கழுவிப் போட்டது. பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் பெட்டியான சிடிஐ மட்டும் காணாமல் போயிருந்ததால் ஹங்க்கினுடையது.

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. ஐட்லிங் சுத்தம். ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது மூன்றாவது கியரில் கொஞ்ச தூரம் போனதும் மிஸ்ஸிங் அடித்து நின்று விடுகிறது. ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிஷம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. ஒரு பட்டறையில் சிடிஐ மாற்று என்றார்கள், இன்னொன்றில் போர் திரும்ப அடிக்கணும் என்றார்கள். கையில் இருக்கும் காசை எதில் போடுவது என்று தெரியவில்லை.

நாகமலை பட்டறை

தம்பி, எதையும் மாற்றாதே. முதலில் ஒன்று சொல். நிற்கும்போது சாவியைத் திருப்பி அணைத்தது போல பட்டென்று நிற்கிறதா, முக்கி முக்கி, இழுவை குறைந்து நிற்கிறதா? பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் பார்க்கணும். முக்கி நின்றால் பெட்ரோல் பக்கம். திணற ஆரம்பிக்கும்போதே சோக்கைப் பாதி இழுத்துப் பார். அதில் உயிர் வந்தால் பாதி பதில் கிடைத்த மாதிரி.

உசிலை ரைடர்

இன்று போய்ப் பார்த்தேன் அண்ணே. முக்கித்தான் நிற்கிறது. சோக் இழுத்ததும் திரும்ப இழுவை வந்து இன்னும் கொஞ்ச தூரம் ஏறியது, அப்புறம்தான் நின்றது.

தேனி ரோடு

ப்ரோ, ஹங்க் சிடிஐ மேல்தான் எனக்குச் சந்தேகம். இரண்டும் 149.2 சிசிதான், ஆனால் பவர் ஹங்க் 14.4 பிஎஸ், இம்பல்ஸ் 13.2 பிஎஸ். இம்பல்ஸை மேல் வேகத்துக்கு இல்லாமல் கீழ் ரேஸில் இழுக்கிற மாதிரி செட் பண்ணியிருக்கிறார்கள். ஸ்பார்க் டைமிங் ஒத்துப் போகாமல் இருக்கலாம். ஸ்பார்க் அடிக்க வேண்டிய நேரத்தை சிடிஐக்குச் சொல்லும் பல்சர் காயில் சூடானால் கைவிடுவதும் உண்டு.

நாகமலை பட்டறை

தேனி ரோடு தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, இம்பல்ஸ் சிடிஐ எங்காவது கிடைத்தால் மாற்றுவது நல்லதுதான். ஆனால் இந்தக் கோளாறு அதனால் இல்லை. கரண்ட் போயிருந்தால் சோக் இழுத்து உயிர் வந்திருக்காது. சோக் போடுவது காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டுவது. அதில் வண்டி பிழைக்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். சமதரையில் கொஞ்சம் குடிக்கும், கொஞ்சம் வந்தாலே போதும். ஏற்றத்தில் பவுலில் (கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) இருப்பதை உறிஞ்சித் தீர்த்து விடுகிறது, மேலிருந்து அந்த வேகத்தில் நிரம்பவில்லை. ஐந்து நிமிஷம் நிறுத்தினால் பவுல் நிரம்புகிறது, நீ உதைக்கிறாய், ஓடுகிறது.

என்ஜின் ஆறியதும் டேங்க் பக்கமிருந்தே வரிசையாகப் பார். முதலில் டேங்க் மூடியைத் திறந்து வை. மூடியில் காற்றுத் துவாரம் அடைத்திருந்தால் டேங்குக்குள் காற்று புகாது, பெட்ரோல் இறங்காது. பிறகு பவுல் அடியில் உள்ள வடி ஸ்குருவைத் தளர்த்தி ஒரு பாட்டிலில் பிடி. பவுலில் இருந்தது வந்த பிறகும் விடாமல் ஒழுகணும். அது மெலிந்தால் கார்புரேட்டர் முனையில் பைப்பைக் கழற்றிப் பார், அப்புறம் டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் முனையில். எங்கே மெலிகிறதோ அதற்கு மேல்தான் அடைப்பு. பக்கத்தில் பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் இருக்கக் கூடாது.

இன்னொன்று, இது சரியாகும் வரை ஏற்றத்துக்குப் போகவே போகாதே. பெட்ரோல் குறைவாக எரியும் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். புதிதாகப் போட்ட பிஸ்டன் தலை வெந்து போகும். பிளக்கைக் கழற்றிப் பார், முனை வெளுத்திருக்கும் என்று நினைக்கிறேன். காப்பி நிறத்தில் இருக்கணும்.

உசிலை ரைடர்

அண்ணே, பிளக் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுப்பு. மூடியைத் திறந்து வைத்துத்தான் பார்த்தேன். வடி ஸ்குரு திறந்ததும் கொஞ்ச நேரம் நன்றாக வந்து, பிறகு சொட்டு சொட்டாகி விட்டது. பைப்பை டேப் முனையில் கழற்றினாலும் அதே சொட்டுத்தான். பெட்ரோலைக் கேனில் வடித்துவிட்டு டேப்பையே கழற்றினேன். உள்ளே நிற்கும் சல்லடைக் குழாய் முழுக்கச் செம்மண் நிறத்தில் மெழுகியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பொடியாக வருகிறது, காந்தத்தைக் காட்டினால் ஒட்டுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் டேங்கின் அடிப்பள்ளத்தில் துரு செதில் செதிலாகக் கிடக்கிறது. சல்லடையை மட்டும் கழுவிப் போட்டால் போதுமா?

தேனி ரோடு

அப்படியென்றால் நாகமலை அண்ணன் சொன்னதுதான் சரி.

கரிசல்காட்டு விவசாயி

போதாது. நான் பழைய டிராக்டர் டேங்க்கும் இப்படித்தான் சுத்தம் செய்தேன். பாதி டேங்க் பெட்ரோலோடு மூடிப் போட்ட வண்டிதான் அதிகம் துருப்பிடிக்கும். காலி இடத்தில் நிற்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து சுவரில் படியும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் நிறுத்தி வைக்கிற வண்டியில் இன்னும் கவனம் வேண்டும்.

பெட்ரோல் வாடை போகும் வரை டேங்கை சோப்புத் தண்ணீரில் அலசு. ஒரு கைப்பிடி சின்ன நட்டும், துண்டு செயினும் உள்ளே போட்டுக் குலுக்கு. செதில் எல்லாம் உதிரும். பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி ஊற்றி, டப்பாவில் சொன்ன நேரம் ஊற வை. கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், திறந்த வெளியில் செய். பெயின்டில் ஒரு சொட்டும் படக் கூடாது. ஊறியதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீர். இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்: அலசியதை அப்படியே வைத்தால் ஒரு மணி நேரத்தில் புதுத் துரு பூத்துவிடும். உடனே காற்றடித்து உலர்த்தி, பெட்ரோலில் கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் ஆயில்) கலந்து உள்சுவர் முழுக்க நனையும்படி உருட்டி எடு. அந்தக் கலவையை வடித்துவிடு, கார்புரேட்டருக்குப் போக வேண்டாம். வடித்த அமிலத்தைக் கண்மாய்ப் பக்கம் ஊற்றிவிடாதே, சோடா போட்டு நுரை அடங்கிய பிறகு ஒதுக்குப்புறமாகக் கொட்டு.

உசிலை ரைடர்

செய்தாச்சு. டேப், சல்லடை, பெட்ரோல் பைப் மூன்றும் புதிது. வழியில் கண்ணாடி ஃபில்டர் ஒன்றும் வைத்தேன். கணவாய் உச்சி வரை மூன்றாவது கியரில் நிற்காமல் ஏறியது அண்ணே. மேலே நிறுத்திப் பிளக் பார்த்தேன், காப்பி நிறம்! உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மிச்சம் ஒரு கேள்வி: ஹங்க்கில் என்ன எல்லாம் எடுத்து வைக்கலாம்? ஃபோர்க், வீல் இதற்குப் பொருந்துமா? ஹங்க்கின் முழு என்ஜினையே பிற்பாடு இதில் ஏற்றலாமா?

நாகமலை பட்டறை

ஃபோர்க், வீல் வேண்டாம். இம்பல்ஸின் முன் வீல் 19 அங்குலம், ஸ்போக், ஃபோர்க்கின் ஏற்ற இறக்கமும் நீளம். ஹங்க்கினுடையதைப் போட்டால் வண்டி குனிந்து நிற்கும், மேடு பள்ளத்தில் இம்பல்ஸ் வாங்கியதற்கே அர்த்தம் இருக்காது. ஸ்டேட்டர் (கரண்ட் உண்டாக்கும் காயில் செட்), கிராங்க், கியர் செட், செல்ஃப் மோட்டார் எடுத்து வை. ஸ்ப்ராக்கெட்டைப் பல் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்.

பழைய ஆர்டிஓ ஏஜென்ட்

முழு என்ஜின் மாற்றுவதற்கு முன் யோசியுங்கள் நண்பரே. என்ஜின் நம்பர் கிராங்க் கேஸில்தான் அடித்திருக்கும், ஆர்சியிலும் அதுதான். நம்பர் மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓவில் ஒப்புதல் வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். இப்போது உங்கள் கிராங்க் கேஸ் அப்படியே இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. 2012 பதிவு என்றால் 15 வருஷம் 2027இல் முடிகிறது, புதுப்பிக்கப் படிவம் 25. ஆய்வுக்கு வண்டியைக் கொண்டு போகும்போது என்ஜின், சேஸிஸ் இரண்டு நம்பரும் துரு இல்லாமல் படிக்கும்படி இருக்கட்டும்.

ஹங்க்கின் ஆர்சி உங்கள் பெயருக்கு மாறியதா? மாறவில்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். பிரித்துப் போட்ட வண்டியின் பதிவை ரத்து செய்யாமல் பிரேமை இரும்புக் கடையில் போடாதீர்கள். அந்த சேஸிஸ் நம்பர் வேறு வண்டியில் ஏறினால் போலீஸ் தேடி வருவது ஆர்சியில் பெயர் இருப்பவரைத்தான்.

உசிலை ரைடர்

ஆர்சி இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது, அவர் திருமங்கலம். திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் அண்ணே. அதுவரை பிரேம் வீட்டிலேயே இருக்கட்டும்.