கலைச்சொல் விவாதம்: 'ரெப்புப்ளீக்ஃப்ளுக்ட்' என்பதற்குத் தமிழில் என்ன?

மடல் 1

குழுவினர்க்கு வணக்கம்.

கிழக்கு ஜெர்மனியிலிருந்து எல்லை தாண்டித் தப்பியவர்களைப் பற்றிய கல்வி விளையாட்டுகளைத் தமிழாக்கும்போது முதல் திரையிலேயே இடறும் சொல் இது. அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறுவதை அந்த அரசு இப்படித்தான் தூற்றியது. ஆனால் 1968ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 213ஆம் பிரிவில் இந்தச் சொல் கிடையாது. 'சட்டத்துக்குப் புறம்பாக எல்லையைக் கடப்பது' என்றுதான் அங்கே இருக்கிறது. 1979 திருத்தத்துக்குப் பின் கடுமையான வழக்குகளில் 8 ஆண்டு வரை சிறை.

என் பரிந்துரை: குற்றத்துக்குக் 'குடியரசு நீங்கல்', சட்டப் பிரிவுக்கு 'எல்லை கடத்தல்', ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கு 'அகதி'. கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2

ஐயா, மூன்றிலும் எனக்குத் தடை உண்டு.

'எல்லை கடத்தல்' என்றால் படிப்பவர் மனத்தில் பொருள் கடத்தல்தான் வரும். 'எல்லை கடப்பு' என்று வைத்தால் அந்த மயக்கம் இல்லை.

'அகதி' இந்தக் கட்டத்துக்குப் பொருந்தாது. 1951 ஐ.நா. உடன்படிக்கைப்படி தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி. விளையாட்டில் நாம் இயக்கும் ஆள் இன்னும் வேலிக்கு உள்ளே நிற்கிறார். வேலியைத் தாண்டினாலும் மேற்கு ஜெர்மனி அவரைத் தன் குடிமகனாகவே ஏற்றது. 'தப்பியோடி' என்று மாற்றினால் சிறையுடைத்த கைதி போல ஒலிக்கும்.

'நீங்கல்' மிகவும் மென்மை. ஜெர்மன் சொல்லின் பின்பாதியான 'ஃப்ளுக்ட்' (ஓட்டம்) என்பதை 'ஃபானன்ஃப்ளுக்ட்' என்பதிலும் காணலாம். கொடியை விட்டு ஓடுவது, அதாவது படையை விட்டு ஓடுவது என்று அதற்குப் பொருள். ஊரை விட்டுப் போன குடிமகனைப் படையை விட்டு ஓடிய சிப்பாயோடு சேர்த்துவைக்கிற ஏச்சு அது. அந்த ஏச்சு தமிழில் கேட்க வேண்டுமானால் 'ஓடுகாலி' இருக்கிறதே?

மடல் 3

அம்மா, 'ஓடுகாலி'யில் வெறுப்பு இருக்கிறது, ஆனால் வேறு வெறுப்பு. வீட்டை விட்டுப் போன பெண்ணைத் திட்டவே அது அதிகம் பயன்படுகிறது. அரசுப் படிவத்தில் அச்சாகும் சொல்லும் அல்ல. நமக்கு வேண்டியது அலுவலகக் குரலில் வரும் பழி. 'குடியரசைக் கைவிடல்' என்று முன்மொழிகிறேன். தமிழில் 'கைவிட்டான்' என்றாலே குற்றம் விட்டவன் தலையில்தான் விழும். 'குடியரசு' என்ற முன்பாதியையும் விடக்கூடாது. அந்த அரசு தன்னைக் குடியரசு என்றுதான் அழைத்துக்கொண்டது.

'வலசை'யையும் எண்ணிப் பார்த்தேன். பகைப்படைக்கு அஞ்சிக் குடிகள் ஊர்விட்டுப் போவது என்ற பழைய பொருள் அதற்கு உண்டு. அருமையான சொல். ஆனால் இன்றைய வாசகருக்கு அது பருவத்தில் திரும்பிவிடும் பறவைக் கூட்டம். இங்கே இரவில் தனியாக ஒருவர் திரும்பும் எண்ணமில்லாமல் போகிறார், பிடிபட்டால் சிறை.

இன்னொன்றை வலியுறுத்த வேண்டும். ஒரே செயலுக்கு ஒரே சொல் என்ற நம் வழக்கம் இங்கே தவறு. கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் எல்லையில் நடக்கும், 2010இல் வந்த '1378 (கி.மீ.)' விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர் தப்புபவராகவும் இருக்கலாம், காவலராகவும் இருக்கலாம். சுட்ட காவலர் பிறகு 2000ஆம் ஆண்டின் நீதிமன்றத்தில் நிற்க நேரும். ஆக மூன்று குரல்கள். காவலர் திரையில் 'குடியரசைக் கைவிடல்', தப்புபவர் திரையில் 'தப்பிச்செல்லல்', நீதிமன்றத் திரையில் 'எல்லை கடப்பு'. சொற்கோப்பில் மூன்றுக்கும் தனித்தனி அடையாளக்குறி வேண்டும். பழைய மொழிபெயர்ப்புகளைச் சேமித்து மறுபடி எடுத்துத் தரும் மென்பொருளான மொழிபெயர்ப்பு நினைவகம் மூன்றையும் ஒன்றாக்கப் பார்க்கும், தானியங்கி நிரப்பலை நிறுத்திவைக்காவிட்டால் நீதிபதியின் வாயில் காவலரின் சொல் வந்துவிடும்.

தப்புபவரைச் சுடும்படி காவலருக்கு இடப்பட்டதாகச் சொல்லும் 'சுடுகட்டளை' என்ற சொல்லிலும் இதே கவனம் தேவை. 1982 எல்லைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு எப்போது சுடலாம் என்று வரையறுத்தது. அது அனுமதி. பொத்தானில் 'கட்டளை' என்று எழுதினால் மறுக்கும் வழியே இல்லை என்று ஆட்டக்காரர் நினைப்பார். 1992 நவம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சட்டம் காவலரைக் காப்பாற்றாது என்று தீர்த்தது. தெரிவு இருந்தது என்பதே விளையாட்டின் பாடம். பொத்தானுக்கு 'சுடு', 'சுடாதே' போதும்.

மடல் 4

பாத்திரத்தின் பெயர் விடுபட்டுவிட்டது. அணிக்குத் 'தப்பிச்செல்வோர்', ஒருவருக்குத் 'தப்பிச்செல்பவர்' என்று வைக்கலாம். 'தப்பிச்செல்வோர்' எழுத்துக் கணக்கில் 8, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 15 குறியெண்கள். பொத்தான் அகலத்தைக் குறியெண்ணால் அளக்கும் நிரல் சொல்லை நடுவில் வெட்டிவிடும். தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்காத விளையாட்டு இயந்திரத்தில் 'செ'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'வோ' பிளக்கும். ஆகவே எழுத்துருச் சோதனைக்கு இந்தச் சொல்லையே முதலில் ஓட்டிப் பாருங்கள்.

மாறியோடு (நிரல் ஓடும்போது பெயர் வந்து நிரம்பும் இடத்தோடு) வேற்றுமை உருபை ஒட்ட வேண்டாம், 'காவலர்ஐ' என்று வரும். 'காவலர்', 'காவலரை', 'காவலருக்கு' என்று தனி வரிகளாகவே கோப்பில் இடுக.

கடைசியாக, சுடப்பட்ட பின் ஆட்டம் மறுபடி தொடங்குவதற்கு 'மீளுயிர்ப்பு', 'மறுபிறப்பு' இரண்டும் வேண்டாம். பெர்லின் சுவரில் மட்டும் 1961 முதல் 1989 வரை குறைந்தது 140 பேர் இறந்தார்கள், அவர்களில் யாரும் எழுந்து வரவில்லை. 'வேறொருவராகத் தொடங்கு' என்று எழுதி, புதிய பெயரும் வயதும் கொண்ட பாத்திரத்தைக் கொடுக்கச் சொல்லி நிரலரிடம் கேட்க வேண்டும்.