பிரான்சைஸ் எடுக்கும் முன் உங்கள் மாநிலம் எந்த வகை என்று பாருங்கள்

அமெரிக்கா வந்து கொஞ்சம் பணம் சேர்ந்ததும், ஒரு சாண்ட்விச் கடையோ டியூஷன் சென்டரோ பிரான்சைஸ் (ஒரு கம்பெனியின் பெயரில் கடை நடத்தும் உரிமை) எடுக்கலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். எடுக்கலாம். ஆனால் அந்தக் கம்பெனி தன் விவரங்களைச் சொல்லித் தரும் எஃப்.டி.டி. என்ற தடிமனான ஆவணத்தை அரசாங்கம் சரிபார்த்திருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

நாடு முழுக்கப் பொதுவான விதி ஒன்று உண்டு. 23 ஐட்டங்கள் கொண்ட அந்த ஆவணத்தை, நீங்கள் கையெழுத்துப் போடவோ பணம் கட்டவோ குறைந்தது 14 நாள் முன்னால் உங்களிடம் தர வேண்டும். அவ்வளவுதான். விதியை வகுத்த ஃபெடரல் டிரேட் கமிஷன் அதை வாங்கிப் படிப்பதில்லை, ஒப்புதலும் தருவதில்லை.

படிப்பது சில மாநிலங்கள் மட்டும்தான். அங்கே கம்பெனி முதலில் அந்த ஆவணத்தை மாநில அரசிடம் பதிவு செய்ய வேண்டும். கலிபோர்னியாவில் 1971 முதல் இந்தப் பதிவு இருக்கிறது. நியூயார்க், இல்லினாய், மேரிலாந்து, வர்ஜீனியா, வாஷிங்டன், மினசோட்டா போன்ற மாநிலங்களிலும் பதிவு செய்யாமல் கம்பெனி உங்களிடம் விற்க முடியாது, வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். கம்பெனியின் கணக்கு பலவீனமாக இருந்தால், கடை திறக்கும் வரை ஆரம்பக் கட்டணத்தை வாங்காதே என்றுகூட மாநிலம் நிபந்தனை போடும். மிச்சிகன், விஸ்கான்சினில் அறிவிப்பு கொடுத்தால் போதும். நியூ ஜெர்சியில் பதிவே கிடையாது. டெக்சாஸில் ஒருமுறை நோட்டீஸ் கொடுத்தால் முடிந்தது. நம் ஆட்கள் அதிகம் இருக்கும் இடங்களே இவை இரண்டும் என்பதுதான் என் கவலை.

சரி, டெக்சாஸில் இருப்பவர் என்ன செய்வது? கலிபோர்னியா, மினசோட்டா, விஸ்கான்சின் அரசுத் தளங்களில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடுங்கள். அங்கே தாக்கல் செய்திருந்தால் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அந்த ஆவணத்தின் பின்பக்கம் மாநிலவாரியான பின்னிணைப்புகள் இருக்கும். "மேரிலாந்தில் ஆரம்பக் கட்டணம் தள்ளிவைக்கப்படும்" என்று ஒரு வரி கண்ணில் பட்டால், ஐட்டம் 21-இல் உள்ள கம்பெனியின் கணக்கை ஒரு சி.பி.ஏ.விடம் (உரிமம் பெற்ற கணக்காளர்) காட்டாமல் நகராதீர்கள். அந்த வரி உங்களுக்குப் பாதுகாப்பு தராது, எச்சரிக்கை மட்டும் தரும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தில் ரசீது இருக்கும், ஆவணம் கைக்கு வந்த தேதியை அதில் எழுத வேண்டும். விற்க வந்தவர் பேனாவை நீட்டி, "தேதியை மட்டும் இரண்டு வாரம் முன்னாடி போட்டுடுங்க, இன்னைக்கே முடிச்சிடலாம்" என்றார். என் கணவர் பேனாவை வாங்கிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த 14 நாள் நமக்காகக் கொடுத்தது, அதை நாமே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

அன்று கையெழுத்துப் போடாமல் வந்து, ஐட்டம் 20-இல் இருந்த பழைய உரிமையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தோம். நான்காவதாகப் பேசிய அம்மா கடையை மூடிவிட்டவர். லாபமே இல்லாத மாதத்திலும் விற்பனையில் ராயல்டி (கம்பெனிக்குக் கட்டும் பங்கு) போய்க்கொண்டே இருந்தது என்றார். முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார். நாங்கள் அந்தக் கடையை எடுக்கவில்லை.

அப்புறம், ஹெச்-1பி-யில் இருப்பவர்கள் கல்லாவில் உட்காரும் எண்ணம் இருந்தால் முதலில் இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்கள். பிரான்சைஸ் வக்கீல் வேறு, அவரையும் தனியாகப் பார்க்க வேண்டும். எந்த மாநிலம், என்ன தொழில் என்று எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.