எஃகு வடிவமைப்புப் பயிற்சிக் கணக்குகள்: சூத்திரம் தெரிகிறது, எது கட்டுப்படுத்துகிறது என்பது தப்பிவிடுகிறது

கேள்வி

வணக்கம். அமெரிக்காவில் பி.இ. உரிமத்துக்கான சிவில் தேர்வை, ஸ்ட்ரக்சுரல் பிரிவில், இன்னும் பத்து வாரங்களில் எழுதவிருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக என் வேலை முழுவதும் கான்கிரீட்டிலேயே கழிந்துவிட்டதால், எஃகு வடிவமைப்பைக் கல்லூரியில் படித்ததோடு சரி. மூன்று மாதங்களாக நாள்தோறும் பயிற்சிக் கணக்குகள் போட்டு வருகிறேன். சூத்திரங்கள் மனத்தில் நிற்கின்றன, கணக்கீட்டில் பிழை வருவதும் குறைந்துவிட்டது. ஆனாலும் பத்துக் கணக்குகளில் நான்கு தவறாகவே முடிகின்றன. எனக்கு வரும் தவறான விடை, கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் ஒன்றாக எப்போதும் இருப்பதால், தவறு செய்கிறேன் என்பதே அப்போது தெரிவதில்லை.

நேற்றுப் போட்ட கணக்கைத் தருகிறேன். எல் 4×4×1/2 ஆங்கிள் ஒன்று, ஏ36 எஃகு, இழுவிசையைத் தாங்குகிறது. அதன் ஒரு காலை மட்டும் கசெட் பிளேட்டுடன் (இணைப்புத் தகட்டுடன்) 3/4 அங்குல போல்ட்டுகள் மூன்று, ஒரே வரிசையில், 3 அங்குல இடைவெளியில் இணைக்கின்றன. நுனியிலிருந்து முதல் போல்ட்டுக்கு 1.5 அங்குலம், போல்ட் வரிசையிலிருந்து காலின் வெளி விளிம்புக்கும் 1.5 அங்குலம். எல்.ஆர்.எஃப்.டி. முறையில் (சுமையையும் வலிமையையும் காரணிகளால் பெருக்கும் முறை) ஆங்கிளின் இழுவிசை வலிமை எவ்வளவு என்பது கேள்வி. விடைகள் 84, 116, 122, 144 கிப் (ஒரு கிப் என்பது ஆயிரம் பவுண்டு விசை). நான் 116 என்று குறித்தேன். சரியான விடை 84 என்று இருக்கிறது.

என் ஐயங்கள் இரண்டு. எண்பது கேள்விகளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒரு கேள்விக்கு ஆறு நிமிடம்தான். அதற்குள் எல்லா எல்லை நிலைகளையும் (உறுப்பு செயலிழக்கும் வழிகளையும்) சரிபார்க்க முடியுமா, அல்லது எது கட்டுப்படுத்தும், அதாவது எது மிகக் குறைந்த வலிமையைத் தரும் என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா? ஏ.ஐ.எஸ்.சி. (அமெரிக்க எஃகுக் கட்டுமான நிறுவனம்) கையேட்டின் அட்டவணைகளை இப்போதே பயன்படுத்தத் தொடங்குவதா, அல்லது சூத்திரத்திலிருந்தே போட்டுப் பழகுவதா?

மறுமொழி 1

நீங்கள் கொடுத்த கணக்கு மிக நல்ல கணக்கு. அந்த நான்கு விடைகளையும் கையால் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் நின்றுவிட்ட மாணவரின் விடை என்பது விளங்கும்.

ஆங்கிளின் மொத்தப் பரப்பு 3.75 சதுர அங்குலம். மொத்தப் பரப்பில் யீல்டிங் (எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்குதல்) என்று பார்த்தால் 0.90 × 36 × 3.75 = 121.5 கிப். இதோடு நிறுத்தியவர் 122 என்று குறிப்பார். அடுத்து நிகரப் பரப்பு. 3/4 அங்குல போல்ட்டுக்கு உரிய சாதாரணத் துளை 13/16 அங்குலம். துளையிடும்போது விளிம்பு சேதமடைவதைக் கருதி இன்னும் 1/16 சேர்க்க வேண்டும் என்பதால் கழிக்க வேண்டிய அகலம் 7/8 அங்குலம். ஆக நிகரப் பரப்பு 3.75 − 0.875 × 0.5 = 3.31 சதுர அங்குலம். இதை அப்படியே வைத்து ரப்சர் (அறுந்துபோதல்) வலிமை கண்டால் 0.75 × 58 × 3.31 = 144 கிப். அடுத்து விளக்கும் ஷியர் லேக்கை மறந்தவரின் எண் அது.

ஒரு கால் மட்டும் இணைக்கப்பட்டிருப்பதால், இணைக்கப்படாத காலில் உள்ள விசை போல்ட்டுகளை நோக்கி வந்து சேரச் சிறிது நீளம் தேவைப்படுகிறது. இணைப்பு குட்டையாக இருந்தால் அந்தக் கால் முழுமையாகப் பங்கெடுப்பதில்லை. சென்ட்ராய்டு இணைப்புத் தளத்திலிருந்து 1.18 அங்குலத்தில் இருக்கிறது, முதல் போல்ட்டிலிருந்து கடைசி போல்ட் வரை 6 அங்குலம். எனவே நிகரப் பரப்பில் எவ்வளவு பங்கெடுக்கிறது என்பதைக் காட்டும் யூ காரணி 1 − 1.18/6 = 0.803. மூன்று போல்ட்டுள்ள ஒற்றை ஆங்கிளுக்கு அட்டவணை நேரடியாகத் தரும் மதிப்பு 0.60தான்; ஆனால் இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. 0.803 × 3.31 = 2.66, அதன் ரப்சர் வலிமை 115.7 கிப். நீங்கள் இங்கே நின்றுவிட்டீர்கள். ஷியர் லேக்கைச் சரியாகப் பிடித்த திருப்தியே உங்களை நிறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எனக்கும் பலமுறை அப்படித்தான் நடந்தது.

மிச்சமிருப்பது பிளாக் ஷியர். தாளில் ஆங்கிளின் காலை வரைந்து, போல்ட் வரிசை வழியே நுனி வரை ஒரு கோடும், கடைசி போல்ட்டிலிருந்து குறுக்கே வெளி விளிம்புக்கு இன்னொரு கோடும் போடுங்கள். அந்தத் துண்டு அப்படியே பிய்ந்து வரக்கூடும். வெட்டுத் தளத்தின் மொத்தப் பரப்பு 7.5 × 0.5 = 3.75. அதில் இரண்டரைத் துளைகளைக் கழித்தால் நிகரம் 2.66. இழுவைத் தளத்தில் அரைத் துளை கழித்து 0.53. வெட்டு ரப்சர் 0.6 × 58 × 2.66 = 92.4, வெட்டு யீல்டிங் 0.6 × 36 × 3.75 = 81.0. சிறியதான 81.0 உடன் இழுவைப் பங்கான 58 × 0.53 = 30.8 சேர்த்தால் 111.8; அதை 0.75 ஆல் பெருக்கினால் 83.9 கிப்.

ஆகவே உங்கள் முதல் ஐயத்துக்கு என் பதில்: எது கட்டுப்படுத்தும் என்று முன்கூட்டியே ஊகிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கால்குலேட்டரைத் தொடும் முன், அந்த உறுப்பு எந்தெந்த வழிகளில் உடையலாம் என்று தாளின் ஓரத்தில் எழுதுங்கள். இழுவிசை உறுப்பு என்றால் யீல்டிங், ரப்சர், பிளாக் ஷியர். எழுதப் பத்து வினாடிகூட ஆகாது. மூன்றையும் போட உங்களுக்கு ஆறு நிமிடம் போதும், நான்கே போதும். நேரம் போவது கணக்கில் அல்ல. எதைப் போடுவது என்று யோசிப்பதிலும், பாதியில் திரும்பி வருவதிலும்தான்.

மறுமொழி 2

மேலே சொன்னது இழுவிசைக்கு அப்படியே பொருந்தும். வளைவுக்கு வந்தால் அட்டவணைகள் குறுக்கே வருவதால், உங்கள் இரண்டாவது ஐயத்தையும் சேர்த்தே பேசலாம்.

டபிள்யூ 18×50 உத்தரம், ஏ992 எஃகு, 24 அடி நீளம், நடுவில் ஒரு புள்ளிச் சுமை, அமுக்கப் பட்டைக்கு இரு முனைகளிலும் நடுவிலும் மட்டும் பக்கத் தாங்கல் என்று வைத்துக்கொள்வோம். உத்தரத்தின் எடையை விட்டுவிடலாம். கையேட்டில் இந்தக் குறுக்குவெட்டுக்கு முழு பிளாஸ்டிக் வலிமை 379 கிப்-அடி, பக்கவாட்டு பக்லிங் (உத்தரம் பக்கவாட்டில் நெளிந்து முறுகுதல்) தொடங்கும் எல்லை 5.83 அடி, அது மீள்நிலைக்கு மாறும் எல்லை 16.9 அடி, இடையில் ஓர் அடிக்கு 13.2 கிப்-அடி வீதம் குறைவு. தாங்கலற்ற நீளம் 12 அடி என்பதால் 379 − 13.2 × (12 − 5.83) = 298 கிப்-அடி. மொமென்ட் (வளைக்கும் திருப்பம்) சீராக இருந்தால் உள்ள வலிமை இது. நம் உத்தரத்திலோ மொமென்ட் ஒவ்வொரு பாதியிலும் சுழியிலிருந்து உச்சத்துக்கு ஏறுவதால் சி.பி. காரணி 1.67. பெருக்கினால் 497 வருகிறது.

அந்த 497தான் பொறி. சி.பி. காரணி பக்லிங்கைத்தான் தளர்த்துகிறது. குறுக்குவெட்டு முழுவதும் யீல்டு ஆன பிறகு எந்தக் காரணியும் அதற்கு மேல் வலிமை தராது. எனவே விடை 379. காரணியை மறந்தவர் 298 என்பார், உச்சவரம்பை மறந்தவர் 497 என்பார், ஏ.எஸ்.டி. (அனுமதிக்கப்பட்ட வலிமை முறை) நிரலில் கண் போனவர் 252 என்பார்.

கையேட்டில் உள்ள உத்தர வரைபடங்கள் சி.பி. ஒன்று என்று கொண்டு வரையப்பட்டவை. இது தெரியாமல் வரைபடத்தைத் திறப்பவர், தேவையைவிடக் கனமான உத்தரத்தைத் தேர்ந்துவிடுவார். ஆகவே என் கருத்து: ஒவ்வொரு வகைக் கணக்கிலும் முதல் ஐந்தாறைச் சூத்திரத்திலிருந்தே போடுங்கள், அதன் பிறகு அதே கணக்கை அட்டவணையில் போட்டு, இரண்டும் ஏன் ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். அட்டவணை எதைக் கணக்கில் கொண்டது, எதை உங்களிடம் விட்டது என்பது அப்படித்தான் கைக்கு வரும்.

தூண்களிலும் இதே நிலைதான். கையேட்டின் தூண் அட்டவணை பலவீன அச்சுக்கு உரியது. டபிள்யூ 10×49 தூண் 24 அடி உயரம், இரு முனையும் கீல், பலவீன அச்சுக்கு மட்டும் நடுவில் தாங்கல் என்றால், மெலிவு விகிதம் (அங்குலத்தில் நீளத்தைச் சுழற்சி ஆரத்தால் வகுத்தது) பலவீன அச்சில் 144/2.54 = 56.7, வலிய அச்சில் 288/4.35 = 66.2. பழக்கத்தில் 12 அடி என்று அட்டவணைக்குள் நுழைந்தால் வலிமையைக் கூடுதலாக மதிப்பிட்டுவிடுவீர்கள். இரு அச்சுகளின் சுழற்சி ஆரங்களின் விகிதம் 1.71, நீளங்களின் விகிதம் 2. நீள விகிதம் பெரிதாக இருந்தால் வலிய அச்சே கட்டுப்படுத்துகிறது. 24 அடியை 1.71 ஆல் வகுத்து, 14 அடி என்று அட்டவணைக்குள் நுழைய வேண்டும்.

மறுமொழி 3

மேலே இருவரும் சொன்னவற்றோடு ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். பத்து வாரங்களே இருக்கும் நிலையில், அட்டவணைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது. சிவில் தேர்வு 2022 ஏப்ரலில் கணினிக்கு மாறிவிட்டது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய், ஒட்டிய சீட்டுகளைப் புரட்டிப் பார்க்கும் காலம் முடிந்துவிட்டது. கையேடும் விதிநூல்களும் திரையில் கோப்புகளாகத்தான் கிடைக்கும். காகிதக் கையேட்டில் விரல் தானாகப் போய் நிற்கும் பக்கத்தைத் திரையில் தேடிப்பிடிப்பது வேறு திறமை. இன்று முதலே கணக்குகளைத் திரையில் உள்ள கோப்பை வைத்துப் போடுங்கள். பிளாக் ஷியர் விதி ஜே அத்தியாயத்திலும், ஷியர் லேக் அட்டவணை டி அத்தியாயத்திலும் இருப்பது மனத்தில் பதிந்திருந்தாலே தேடும் நேரம் பாதியாகிவிடும்.

பதிப்பையும் கவனியுங்கள். பதினைந்தாம் பதிப்புக் கையேடு 2016 விதிநூலையும், பதினாறாம் பதிப்பு 2022 விதிநூலையும் ஒட்டியவை. தேர்வு நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அமைப்பு எந்தப் பதிப்பைக் குறிப்பிட்டிருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பயிற்சி நூல்களின் விடை சிறிது மாறினால் பதற வேண்டாம்.

எல்.ஆர்.எஃப்.டி., ஏ.எஸ்.டி. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்துவிடுவது இன்னொரு பெரிய இழப்பு. நிலைச் சுமை 20 கிப், உயிர்ச் சுமை (ஆட்கள், பொருட்கள் போன்ற மாறும் சுமை) 60 கிப் என்றால் முதல் முறையில் 1.2 × 20 + 1.6 × 60 = 120, இரண்டாவதில் 80. உயிர்ச் சுமை நிலைச் சுமையைப்போல் மூன்று மடங்கு இருக்கும் இந்த நிலையில் இரு முறைகளும் ஒரே அளவுள்ள உறுப்பையே கேட்கும். 120ஐ ஏ.எஸ்.டி. வலிமையோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்கு கனமான உறுப்பு வரும், 80ஐ எல்.ஆர்.எஃப்.டி. வலிமையோடு ஒப்பிட்டால் ஆபத்தான உறுப்பு வரும். கணக்கின் முதல் வரியில் எந்த முறை என்று எழுதிவிட்டுத்தான் நான் தொடங்குவேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆங்கிள் கணக்கை இன்று காலை மீண்டும் வரைந்து போட்டேன், 83.9 வந்தது. ஆனால் தாளின் ஓரத்தில் உடையும் வழிகளை எழுதியபோது போல்ட்டுகளையும் எழுதிவிட்டேன். ஏ325 போல்ட், மரை வெட்டுத் தளத்தில் வருகிறது, ஒற்றை வெட்டு என்று கொண்டால் ஒரு போல்ட்டுக்கு 0.75 × 54 × 0.442 = 17.9 கிப், மூன்றுக்கும் 53.7 கிப்தான். இது 84ஐவிட மிகக் குறைவு. அப்படியானால் 84 எப்படிச் சரியான விடையாகும்?

மறுமொழி 1

உங்கள் கணக்கு சரி, நீங்கள் கேட்டதும் சரியான கேள்வி. வினாவை மீண்டும் படியுங்கள்: "ஆங்கிளின் இழுவிசை வலிமை" என்று கேட்டிருக்கிறார்கள். ஆங்கிள் என்னும் உறுப்பின் வலிமை 84. "இணைப்பின் வலிமை" என்றோ "இந்த அமைப்பு தாங்கும் பெரும விசை" என்றோ கேட்டிருந்தால், நீங்கள் சொன்ன நிபந்தனைகளில் விடை 53.7 ஆகியிருக்கும், அப்போது வினாவில் போல்ட்டின் வகையும் மரை எங்கே வருகிறது என்பதும் கொடுக்கப்பட்டிருக்கும். உங்கள் வினாவில் அவை இல்லை என்பதே ஒரு குறிப்பு.

அடுத்த படியாக இதே இணைப்பில், நுனியை ஒட்டிய போல்ட் ஆங்கிளைக் கிழித்துக்கொண்டு வெளியேறுமா என்றும் போட்டுப் பாருங்கள். துளை விளிம்பிலிருந்து நுனி வரை தெளிவான தூரம் 1.5 − 13/32 = 1.09 அங்குலம், இங்கே துளையின் உண்மையான அளவைத்தான் எடுக்க வேண்டும், கூடுதல் 1/16 கிடையாது. 0.75 × 1.2 × 1.09 × 0.5 × 58 = 28.5 கிப். இது 17.9ஐவிடப் பெரியது, எனவே அந்த போல்ட்டிலும் வெட்டே கட்டுப்படுத்துகிறது. நுனித் தூரத்தை 1 அங்குலமாகக் குறைத்து மீண்டும் போட்டால் எவ்வளவு வருகிறது என்று இங்கே எழுதுங்கள், 17.9க்குக் கீழே இறங்கிவிடும், அத்தோடு பிளாக் ஷியர் எண்ணும் மாறும்.

கேள்வி கேட்டவர்

போட்டுவிட்டேன். கிழிதல் வலிமை 0.75 × 1.2 × 0.594 × 0.5 × 58 = 15.5 கிப். போல்ட் வெட்டான 17.9ஐவிடக் குறைந்துவிட்டதால், நுனி போல்ட்டுக்கு 15.5, மற்ற இரண்டுக்கும் 17.9 வீதம், மொத்தம் 51.3 கிப் என்று எடுத்தேன். பிளாக் ஷியர் 79.8 ஆகக் குறைந்தது. இன்றிரவு உத்தரக் கணக்குகளை இதே முறையில், திரையில் உள்ள கையேட்டை வைத்துத் தொடங்குகிறேன்.