ஐமேப் கனெக்‌ஷன்: உயிரோட வெச்சிருக்கணுமா, அறுந்தா மறுபடி போட்டுக்கலாமா?

ஹார்பர்_கோடர்: ராயபுரத்துல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். டெலிவரி ஆர்டர் மெயில் வந்ததும் பைத்தான் புரோகிராம் அதை ஷீட்டுல ஏத்தணும். ஐமேப் (சர்வர்ல இருக்குற மெயிலைப் படிக்கிற முறை) வழியா போட்ட கனெக்‌ஷன் சத்தமில்லாம செத்துடுது, எர்ரரே வரல. தனி த்ரெட்ல (புரோகிராமுக்குள்ள கூடவே ஓடுற இன்னொரு வேலை) 60 செகண்டுக்கு ஒரு நூப் (ஒண்ணும் செய்யாத வெத்து கமாண்ட்) அனுப்பினா போதும்தானே?

பெரம்பூர்_லோகோ: வேணாம் தல. ஐமேப்லிப்புக்கு (பைத்தானோட ஐமேப் லைப்ரரி) ரெண்டு த்ரெட் ஆகாது, பதிலெல்லாம் கலந்துடும். ஐடில் போடுங்க, புது மெயில் வந்தா சர்வரே சொல்லும். ஐடில்ல இருக்கும்போது நூப்பும் அனுப்பக்கூடாது. டன் (ஐடிலை முடிக்கிற வார்த்தை) அனுப்பி, ஓகே வாங்கிட்டுத்தான் அடுத்த கமாண்ட். 29 நிமிஷத்துக்குள்ள புதுப்பிக்கச் சொல்லி ஆர்எஃப்சி 2177 (இன்டர்நெட் விதி ஆவணம்) இருக்கு, 1997-ல வந்தது.

தண்டையார்பேட்டை_நெட்: 29 நிமிஷம் சர்வர் பொறுக்கும், நடுவுல இருக்குற நேட் (பல மெஷினை ஒரே ஐபி அட்ரஸ்ல வெளிய அனுப்புற ரவுட்டர் வேலை) பொறுக்குமா? டாங்கிள்ல ஓடுற ஆபீஸ்னா சந்தேகமே வேணாம். சும்மா கிடக்குற என்ட்ரியை நேட் தூக்கிடும், ரெண்டு பக்கத்துக்கும் சொல்லாது. எர்ரர் வராதது அதனாலதான். 5 நிமிஷத்துக்கு ஒருதரம் டன், திரும்ப ஐடில். லினக்ஸ் கீப்அலைவை (எதிர்பக்கம் உயிரோட இருக்கான்னு புரோப், அதாவது சோதனை பாக்கெட், அனுப்புற வசதி) ஆன் பண்ணிட்டு நிம்மதியா இருந்துடாதீங்க, டீஃபால்ட்ல முதல் புரோபே 7200 செகண்ட் கழிச்சுதான் போகும்.

வியாசை_சிம்பிள்: இன்னாத்துக்கு இவ்ளோ? மெயில் 3 நிமிஷம் லேட்டானா கன்டெய்னர் ஓடிடுமா? கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு புரோகிராமை ஓட்டுற வசதி) லாகின், தேடல், லாக்அவுட். உயிரோட வெக்கிற வேலையே இல்ல.

பெரம்பூர்_லோகோ: ஒரே மெயில்பாக்ஸ்னா சரிப்பா. நாப்பதுன்னா ஒவ்வொரு தடவையும் டிஎல்எஸ் (என்கிரிப்ஷன் ஏற்பாடு), லாகின். அடிக்கடி லாகின் பண்ணா சில சர்வர் தடுத்துடும்.

வியாசை_சிம்பிள்: அறுந்தா மறுபடி போடுற கோடு எப்படியும் எழுதணும்ல? அது இருந்தா உங்க கீப்அலைவ் வெறும் அலங்காரம்.

தண்டையார்பேட்டை_நெட்: அறுந்ததே தெரியாம எதை மறுபடி போடுவீங்க? செத்த சாக்கெட்ல (கனெக்‌ஷனோட நம்ம பக்க முனை) எழுதினாலும் உடனே எர்ரர் வராது. டன் அனுப்பி 30 செகண்ட்ல ஓகே வரலைன்னா மூடிட்டு புதுசு போடுங்க. டைம்அவுட் கொடுக்கலைன்னா ரீட் அப்படியே நிக்கும். ஐமேப்லிப்ல அந்த டைம்அவுட் ஆர்கியுமென்ட் பைத்தான் 3.9-ல வந்துச்சு.

பெரம்பூர்_லோகோ: மறுபடி போட்டதும் கடைசி யூஐடிக்கு (மெயில்பாக்ஸ்ல ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள நம்பர்) அடுத்ததுலேர்ந்து எடுங்க. அதுலயும் ஒரு பொறி: கடைசி மெயில் 500-ன்னா, 501:* கேட்டாலும் 500 திரும்ப வரும், நட்சத்திரம்னா இருக்குறதுலயே பெரிய நம்பர். 501-க்குக் கீழ வந்தா தள்ளிடுங்க, இல்லன்னா ஒரே ஆர்டர் ஷீட்டுல ரெண்டுதரம் ஏறும். யூஐடி-வேலிடிட்டி (அந்த நம்பர் வரிசையோட அடையாள எண்) மாறியிருந்தா பழைய நம்பர் எதுவும் செல்லாது.

வியாசை_சிம்பிள்: அந்த 501 பொறி கிரானுக்கும் உண்டு, ஒத்துக்கறேன். ஆனா மெயில் அனுப்புற பக்கம், எஸ்எம்டிபில, கீப்அலைவ் வேணும்னு யாரும் வராதீங்க.

தண்டையார்பேட்டை_நெட்: அங்க தேவையில்லதான். அனுப்பணும்னா திற, அனுப்பிட்டு மூடு. திறந்தே வெச்சா 421-னு (கனெக்‌ஷனை மூடுறேன்னு அர்த்தம்) சொல்லி சர்வரே வெட்டிடும்.